எட்டு மொட்டைக் கம்பி

பிப்ரவரி 11, புதன்

மூன்றாவது இணைப்பு மாதிரியும் சொன்ன பேச்சைக் கேட்டது. பதினைந்தரை டன். என் கணக்கு மாடல் சொன்னது பதினைந்து புள்ளி இரண்டு.

வெடிக்காமல், முனகிக்கொண்டே போனது. உள்ளே அடித்திருந்த எட்டுக் கம்பியும் மெல்ல வளைந்து, மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கி, நடுவில் இருந்த எஃகுத் தகடு ஒன்றரை சென்டிமீட்டர் நகர்ந்த பிறகுதான் மெஷின் அக்கா "போதுமா, இன்னும் இழுக்கணுமா?" என்று கேட்டு நிறுத்தினார். சோதனைக்கூடத்தில் அழுத்தும் இயந்திரமும் இழுக்கும் இயந்திரமும் அவர் பொறுப்பு.

உடைந்தால் இப்படித்தான் உடைய வேண்டும். கூரை விழப்போகிறது என்றால் முதலில் கோண வேண்டும், முனக வேண்டும், கீழே இருப்பவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஓட வேண்டும். அதற்குத்தான் இத்தனை கணக்கும்.

நிதானம் சார் வந்து பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். அதற்கு மேல் அவர் வாயில் வராது. அவர் பெயர் நிதானம் இல்லை. எதற்கெடுத்தாலும் "நிதானம், நிதானம்" என்பதால் அலுவலகம் வைத்த பெயர். என்னைப் பார்க்கும்போது மட்டும் மூன்று முறை சொல்வார்.

பள்ளி விளையாட்டுக் கூடம். கூரையைத் தாங்க ஒன்பது மர டிரஸ், முக்கோணச் சட்டங்கள். நான் தனியாகக் கணக்குப் போட்டு என் கையெழுத்தில் நிற்கப்போகிற முதல் கூரை. சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறேனா என்று பார்த்தேன். தெரியவில்லை.

தூக்கம் வரவில்லை என்று போனதற்கு மருத்துவர் இப்படி எழுதச் சொன்னார். நடந்ததை எழுதுங்க, தோணுறதை எழுதுங்க. நடந்ததை எழுதியாயிற்று.

பிப்ரவரி 13, வெள்ளி

வேலை. வீடு. குளிக்கப் போய் அதிக நேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அண்ணி கதவைத் தட்டி, "தம்பி, உள்ள இருக்கியா, இல்ல சோப்போட சேர்ந்து கரைஞ்சு போயிட்டியா?" என்றார்.

பிப்ரவரி 16, திங்கள்

அவளிடமிருந்து தபால். விவாகரத்துக்கு வக்கீல் எழுதியது. மூன்று இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள், நான் தேட வேண்டாம் என்று. மூன்றிலும் கையெழுத்துப் போட்டு மதியமே அனுப்பிவிட்டேன்.

அவள் போய் ஏழு மாதம். சண்டை இல்லை. ஒரு நாள் வேலையிலிருந்து வந்தேன், அலமாரியில் பாதி காலி. அந்த வாரமே அண்ணன் பட்டறை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். "வாடா" என்றார். என்னையும் என் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போய் மாடி அறையில் இறக்கினார். ஏன், எதனால், யார் மேல் தப்பு? ஒரு கேள்வி கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வேறு இடம் பார்த்திருப்பேன்.

டீ நாக்கைச் சுட்டது. சுட்டது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று பட்டறை மாதிரிகள். போன வாரம் உடைத்தது நாங்களே கூடத்தில் செய்தவை. இவை டிரஸ்களைச் செய்கிற அண்ணன் பட்டறையில், கூரைக்குப் போகிற அதே கம்பி, அதே மரம், அதே துளைபோடும் இயந்திரத்தில் செய்தவை. மூன்று. ஒப்பந்தப்படி இவையும் உடைபட வேண்டும்.

அண்ணன் மகள் காலையில் கேட்டாள்: "சித்தப்பா, அப்பா செஞ்சத நீ உடைக்கப் போறியா?"

"ஆமா."

"அப்பா அழுவாரா?"

"உங்கப்பா செஞ்சது லேசுல உடையாதுடி" என்றார் அண்ணன், காலுக்கு ஷூ மாட்டிக்கொண்டே. குரலில் அவ்வளவு பெருமை.

முதல் மாதிரி. பத்து டன், முனகல் இல்லை. பன்னிரண்டு, பதினான்கு, ஒன்றும் இல்லை. பதினேழில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். மரம் இழையோடு இழையாக நுனி வரை கிழிந்து, ஒரு துண்டு பறந்து போய்த் தடுப்புக் கண்ணாடியில் அடித்தது. அதற்கு முந்தின நொடி வரை தகடு இரண்டு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

மெஷின் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "யப்பா! இப்படி வெடிக்கும்னு முன்னாடியே சொல்லி வச்சா காதைப் பொத்திக்கிட்டு நிக்கமாட்டேனா?"

நிதானம் சார் எண்ணைப் பார்த்தார். "பதினேழு. உங்க மாடலுக்கு மேலயே வந்திருக்கு. அப்புறம் ஏன் முகம் அப்படி?"

"வெடிச்சிருக்கு சார். வளையவே இல்லை."

"நிதானம். இன்னும் ரெண்டு இருக்கு."

பிப்ரவரி 20, வெள்ளி

இரண்டாவது: பதினான்கரை. வெடித்தது.

மூன்றாவது: ஒன்பது. வெடித்தது.

கூரைக்குத் தேவை பத்து.

மாதிரி உடைந்ததையும் அவள் போனதையும் ஒப்பிட்டு ஒரு வரி எழுதத் தோன்றியது. எழுத மாட்டேன். மரம் வேறு, மனுஷி வேறு.

பிப்ரவரி 23, திங்கள்

மரத்தைச் சந்தேகப்பட்டேன். ஈரம் சரி. அடர்த்தி சரி. துளைகளின் இடைவெளி வரைபடத்தில் உள்ளபடியே, அண்ணன் பட்டறை இதிலெல்லாம் மில்லிமீட்டர் பிசகாது.

பிறகு மாடலைச் சந்தேகப்பட்டேன். எங்கள் கணக்கு ஒன்றும் மந்திரம் இல்லை. மரத்தில் நீளமாக ஒரு வெட்டுப் போட்டு உள்ளே எஃகுத் தகட்டைச் செருகி, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே கம்பி அடித்து இறக்குவது. டோவல் என்று வரைபடத்தில் எழுதுவோம். பட்டறையில் மொட்டைக் கம்பி. தலையும் இல்லை, மரையும் இல்லை. கம்பி மரத்தை நசுக்கும், மரம் கம்பியை வளைக்கும். யார் முதலில் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அதைப் பொறுத்துத்தான் எந்தச் சூத்திரம் என்பது. என் கணக்கில் கம்பிதான் விட்டுக்கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே அப்படி அமைத்தேன். சாதா இரும்பு, பன்னிரண்டு மில்லிமீட்டர், மெல்லியது.

உடைந்த மாதிரியின் வளைகோட்டுக்கு என் மாடலைப் பொருத்திப் பார்த்தேன். மரத்தின் எண்களை எப்படி மாற்றினாலும் உட்காரவில்லை. எரிச்சலில் கம்பியின் வலிமையை இரண்டு மடங்காக்கினேன். அச்சாக உட்கார்ந்தது.

சிரிப்பு வந்தது. அப்படி ஒரு கம்பியை யார் போடுவான் என்று.

பிப்ரவரி 24, செவ்வாய்

உடைந்த மரத்தைப் பிளந்து கம்பிகளை எடுத்தேன். எட்டும் ஸ்கேல் மாதிரி நேராக இருந்தன. ஒன்றை இழுத்துப் பார்த்தோம். சாதா இரும்பு அறுந்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல்.

"நல்ல கம்பியா இருக்கே" என்றார் மெஷின் அக்கா.

ஆமாம் அக்கா. ரொம்ப நல்ல கம்பி.

பிப்ரவரி 25, புதன்

பட்டறைக்குப் போனேன். அண்ணன் துளைபோடும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மொட்டைக் கம்பி எங்க வாங்கினீங்க?"

அவர் முகம் மலர்ந்தது. அதுதான் கொடுமை. ஒளித்து வைத்த பரிசை நான் கண்டுபிடித்துவிட்ட மாதிரி சிரித்தார்.

"தெரிஞ்சு போச்சா? சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நீ எழுதிக் குடுத்தது சாதா இரும்புடா. வைஸ்ல மாட்டி ஒரு தட்டுத் தட்டினேன், வளையுது. தம்பி பேர்ல நிக்கப் போற மொதக் கூரை, அதுக்குப் போயி இந்த வாழைத்தண்டையான்னு தோணுச்சு. ஷாஃப்ட்டுக்குன்னு எடுத்து வச்சிருந்த நல்ல கம்பிய அறுத்துப் போட்டேன். ஒம்போது டிரஸ்ஸுக்கும் அதேதான்."

"வளையணும்னுதான் அதை எழுதினேன்."

"என்னது?"

"அது வளையணும். அதுக்காகத்தான் சாதா இரும்பு."

நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தார். "போடா இவனே. வளையிற கம்பிய வச்சு எவனாவது கூரை போடுவானா?"

விளக்கினேன். எட்டுத் துளையும் ஒரே மாதிரி அமையாது. தலைமுடி அளவு முன்னே பின்னே இருக்கும். இறுக்கமாக இருக்கிற கம்பிதான் முதலில் சுமையை வாங்கும். மிருதுவான கம்பி என்றால் கொஞ்சம் வளைந்து, மிச்சத்தைப் பக்கத்துக் கம்பியிடம் தள்ளிவிடும். அப்படியே எட்டும் பங்கு போட்டுக்கொள்ளும். கடினக் கம்பி தள்ளாது. எல்லாவற்றையும் தானே வாங்கும், மரம் கிழிகிற வரைக்கும். அதனால்தான் ஒன்று பதினேழில் போகிறது, இன்னொன்று ஒன்பதில் போகிறது. எது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அவர் எண்ணெய்க் குப்பியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"அப்ப நல்லது செஞ்சது தப்பா?"

"தப்பு."

வேறு மாதிரி சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு மாதிரி வராது.

குப்பியை அலமாரியில் வைத்துவிட்டு, "ஆறு டிரஸ் மேல ஏத்தியாச்சுடா" என்றார். நான் கேட்காத கேள்விக்குப் பதில் மாதிரி. பிறகு, "இப்ப யார்கிட்டயும் சொல்லிடாத. ஞாயித்துக்கிழமை உக்காருவோம், என்ன செய்யலாம்னு யோசிப்போம்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையாட்டினேனோ? ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 26, வியாழன்

நிதானம் சாரிடம் ஒன்பது டன் மாதிரியின் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"இதுல ஒரு முடிச்சு தெரியுதே."

தெரிகிறது. பிளவிலிருந்து ஒரு சாண் தள்ளி, மரத்தில் ஒரு கண் மாதிரி.

"முடிச்சுனால போச்சுன்னா அந்த மாதிரியக் கணக்குல சேக்க வேண்டியதில்ல. மிச்ச ரெண்டும் தாராளமாத் தேறுது. நீங்கதான் முடிவு பண்ணணும். கையெழுத்து உங்களது." கண்ணாடியை இறக்கினார். "நிதானமாப் பாருங்க."

சாயங்காலம் வரை அந்த முடிச்சையே பார்த்தேன். பிளவு அதைத் தொடவில்லை. தொட்டது என்று எழுதினால் யாரும் வந்து பார்க்கப்போவதும் இல்லை. அண்ணனுக்கு இது முதல் பெரிய வேலை. இது பாதியில் நின்றுபோனால் அடுத்து எவனும் அவரைக் கூப்பிட மாட்டான். எனக்கு? எனக்கு இருப்பது அந்த மாடி அறை. அண்ணன் வீட்டைத் தவிர நான் போய்க் கதவைத் தட்டக்கூடிய வீடு வேறு இல்லை.

இதையெல்லாம் நினைத்தபோது ஏதாவது வலித்ததா என்றால், இல்லை. வேறு யாருடைய கதையையோ படிக்கிற மாதிரி இருந்தது.

பிப்ரவரி 27, வெள்ளி

நாளை காலை மேலே கூரைத் தகடு ஏற்றுகிறார்கள் என்று களத்திலிருந்து செய்தி வந்தது. கீழே ஆட்கள் நிற்பார்கள்.

அறிக்கையை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். முடிச்சுக்கும் பிளவுக்கும் தொடர்பில்லை. கம்பி குறிப்பிட்ட தரத்தில் இல்லை. இணைப்பு முன்னெச்சரிக்கை இன்றி உடையும். வேலையை உடனே நிறுத்தவும். கையெழுத்து. பதினொரு மணிக்கு ஒப்பந்தக்காரருக்கும் பள்ளிக்கும் அனுப்பினேன்.

நிதானம் சார் படித்தார். இன்று நிதானம் என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 28, சனி

அண்ணனுக்கு நேற்று மதியமே ஒப்பந்தக்காரர் போன் செய்து கத்தியிருக்கிறார்.  இன்று காலையில் அண்ணன் மாடிக்கு வந்தார். உள்ளே வரவில்லை, நிலைப்படியில் நின்றார்.

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேன்ல."

"இன்னிக்குத் தகடு ஏத்தறதா இருந்தாங்க. கீழ ஆளு நிப்பாங்க."

"தெரியும். அறிக்கை அனுப்பாதன்னு நான் சொல்லல இப்ப. அனுப்பினது சரிதான்."

"அப்புறம் என்ன?"

"எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நானே போய் நிறுத்தியிருப்பேன்டா."

அவ்வளவுதான். இறங்கிப் போய்விட்டார்.

நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவரே போய் நிறுத்தியிருப்பார். "என் தப்பு, நான் மாத்திப் போட்டுட்டேன்" என்று அவர் வாயாலேயே சொல்லியிருப்பார். அது வேறு விஷயமாக இருந்திருக்கும். தம்பி எழுதிக் கொடுத்து, ஊரான் கத்தி, அவர் தெரிந்துகொள்வது வேறு விஷயம்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. வேண்டாம் என்று தள்ளவில்லை. தோன்றவில்லை. ஏன்?

மார்ச் 4, புதன்

களத்தில் கூட்டம். ஒப்பந்தக்காரர் ஒரு பக்கம், பள்ளியின் நிர்வாகி அம்மா ஒரு பக்கம், நடுவில் பிளாஸ்டிக் மேஜை. மேலே ஆறு டிரஸ், எலும்புக்கூடு மாதிரி. அடியில் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். யாரும் அதற்குக் கீழே நாற்காலி போடவில்லை.

"அடிச்சு வெளிய எடுத்துட்டு சாதா கம்பியப் போட்டா முடிஞ்சுது!" என்றார் ஒப்பந்தக்காரர்.

"எடுக்கும்போது துளை தளர்ந்துடும். அப்புறம் எட்டும் எட்டு விதமா நிக்கும்" என்றேன்.

"அப்ப தடிமனாப் போடு!"

"தடிமனாப் போட்டா அதுவும் வளையாது. திரும்ப இதே கதைதான்."

"உங்களுக்கு எதைச் சொன்னாலும் முடியாதுன்னு ஒரு பதில் தயாரா இருக்கு."

முடியும் என்பதைச் சொன்னேன். கம்பி அப்படியே இருக்கட்டும். மர இழைக்குக் குறுக்கே, கம்பிகளுக்கு நடுவில், முழு நீளம் மரை உள்ள திருகாணிகளை இறக்கினால் அவை மரத்தைப் பிளக்க விடாமல் தைத்துப் பிடிக்கும். மரம் கிழிவதற்குப் பதிலாக நசுங்கும். நசுங்கினால் முனகும். மாடலில் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் மாதிரி செய்து உடைத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர்தானே செய்ய வேண்டும். அவர் என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னார்:

"சார் எப்படிச் சொல்றாங்களோ அப்படியே செஞ்சு குடுத்துடறோம்."

சார்.

மார்ச் 8, ஞாயிறு

நான் கீழே சாப்பிடப் போகும்போது அண்ணன் எழுந்து பட்டறைக்குப் போகிறார். அவர் வரும்போது நான் மாடியில். ஏற்பாடு செய்துகொண்ட மாதிரி நடக்கிறது.

அண்ணி தட்டை மேஜையில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே செய்தி இருந்தது. "ஒரே வீட்டுல ரெண்டு ஹோட்டல் நடத்தறேன். ஒரு கஸ்டமர் பேசமாட்டார், இன்னொருத்தர் சிரிக்கமாட்டார். எனக்கு என்ன தலையெழுத்தோ!"

"நான் வேற ரூம் பாக்கறேன் அண்ணி."

"பாரேன். யாரு வேணாம்னா? ஆனா கோவிச்சுக்கிட்டுப் போறேன்னு போகாத. கோவம் வந்தாத்தான் நல்லாயிருக்குமே உனக்கு. ஒண்ணுமே இல்லாமப் போற பாரு, அதான் பயமா இருக்கு."

தட்டை என் பக்கம் இழுத்தேன். சாப்பிட்டேன்.

மார்ச் 12, வியாழன்

திருகாணி போட்ட மாதிரிகள். அண்ணன் பட்டறையிலிருந்து நேற்று வந்தன. பார்க்க வரச் சொல்லி அவருக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் போட்டிருந்தோம். வரவில்லை.

முதலாவது, பதினெட்டு டன். ஆனால் அதற்கு வெகு முன்பே பதினான்கில் மரம் பேச ஆரம்பித்தது. கிரீச், கிரீச் என்று, பழைய கட்டிலில் யாரோ புரண்டு படுக்கிற மாதிரி. தகடு ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தது. விரிசல் விட்டது, திருகாணி பிடித்தது, அடுத்த விரிசல், அதையும் பிடித்தது. மிச்ச இரண்டும் ஏறக்குறைய அதே எண். மாடலுக்கு மிக அருகில்.

மெஷின் அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதிலிருந்த பஞ்சை எடுத்தார்.

"உங்கண்ணன் வந்திருந்தார் தம்பி."

"எப்போ?"

"மொத மாதிரி ஓடறப்ப. வெளிய ஷட்டர்கிட்ட நின்னாரு. உள்ள வாங்கன்னேன். வேணாம்மா, வெடிக்குதான்னு மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்னாரு. மூணும் முடியற வரைக்கும் நின்னாரு."

ஷட்டர் பக்கம் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. எதற்குப் போய்ப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஓர் அறை. ஒரு ஜன்னல், எதிரே டயர் கடையின் பக்கச்சுவர். மாறிவிட்டேன்.

அண்ணி போர்வைகளை மடித்துக் கொடுத்தார். அண்ணன் மகள் வாசலில் நின்று, "அங்க போயும் உடைப்பியா?" என்றாள். அண்ணன் பட்டறையில் இருந்தார். பட்டறை வண்டி வேண்டுமா என்று அண்ணி மூலம் கேட்டார். வேண்டாம் என்றேன். ஆட்டோவில் இரண்டு நடை.

மார்ச் 17, செவ்வாய்

அறை. வேலை. அறை.

மார்ச் 24, செவ்வாய்

களத்தில் திருகாணி வேலை ஆரம்பம். ஒவ்வோர் இணைப்பையும் நான் ஏறிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். திருகாணிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி, தலை இறங்கிய ஆழம், சாய்வு. கொஞ்சம் பிசகினால் திருகாணி உள்ளே போய்க் கம்பியில் முட்டி நிற்கும், பிடிப்பு இருக்காது.

நாற்பது திருகாணி பார்த்தேன். ஏழு சரியில்லை என்று தள்ளினேன். அண்ணன் ஏணிக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டார்.

"எந்த ஏழு சார்?"

சுண்ணக்கட்டியால் குறி போட்டேன். அவர் ஆட்களில் ஒருவன் முணுமுணுத்தான்: "சொந்தத் தம்பியாம். ஒரு நூல் விட்டுக்குடுத்தா என்ன குறைஞ்சு போயிடும்?"

அண்ணன் அவனைப் பார்த்தார். "வாய மூடிக்கிட்டு கழட்டுடா."

மார்ச் 31, செவ்வாய்

அவளுடைய வக்கீலிடமிருந்து ஒரு வரி. முடிந்துவிட்டது. தபால் வந்தபோது நான் இரண்டாவது டிரஸ்ஸில் இருந்தேன். கீழே இறங்கிப் படித்தேன். மறுபடி ஏறினேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

ஐம்பத்திரண்டில் இரண்டு தள்ளினேன்.

ஏப்ரல் 9, வியாழன்

அறுபது பார்த்தேன். ஒன்றும் தள்ளவில்லை. "இன்னிக்கு எல்லாம் சரியா இருக்கு" என்றேன். "சரிங்க சார்" என்றார். அவர் கட்டைவிரலில் துணிக்கட்டு. திருகாணி ஓட்டுகிற இயந்திரம் பிடித்துப் பிடித்துக் கொப்புளம். ஆட்களிடம் கொடுக்காமல் அவரே ஓட்டுகிறார் என்று பிறகு தெரிந்தது.

கேட்டிருக்கலாம். கை எப்படி இருக்கிறது என்று. என்ன வாக்கியத்தில் கேட்பது என்று யோசிப்பதற்குள் அடுத்த இணைப்புக்குப் போய்விட்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணி வந்தார். டப்பாவில் சாப்பாடு. அறையைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிப் பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"டயர் சுவரப் பாத்துக்கிட்டுக் குடித்தனம். நல்லா இருக்கு."

"அண்ணன் எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன. தினமும் வந்து, இன்னிக்கு எத்தனை தள்ளினான் தெரியுமான்னு சொல்றாரு. வியாழக்கிழமை ஒண்ணுகூட இல்லையாம். குழந்தை மார்க் ஷீட் வாங்கின மாதிரி மூணு தடவை சொன்னாரு." டப்பாவைத் திறந்து என் முன்னால் தள்ளினார். "உங்கிட்ட சொல்லாதன்னாரு. நான் சொல்லல."

சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் அதிகம். அதிகம் என்று தெரிந்தது. சொன்னேன். "அடேங்கப்பா, நாக்கு திரும்பி வந்துடுச்சா?" என்றார்.

ஏப்ரல் 18, சனி

கடைசி டிரஸ். மற்றவற்றின் முட்டுகளை எடுத்தாயிற்று. மேலே தகடு வேய்ந்துகொண்டிருக்கிறார்கள், தரை இருண்டு வருகிறது. பள்ளியின் நிர்வாகி அம்மா வந்து நடுவில் நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். கூரைக்குக் கீழே நின்றுதான் பார்த்தார்.

மதியத்துக்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டேன். காலையிலிருந்து ஒன்றும் தள்ளவில்லை. வெர்னியர் அளவுகோலைப் பையில் போட்டேன். ஒப்பந்தக்காரர் கையெழுத்துக்குத் தாளை நீட்டிக்கொண்டு நின்றார், எனக்கும் பசி. ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"அந்த மூலை பாக்கல நீ."

அண்ணன். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்.

"எல்லாம் ஒரே மாதிரிதானே அண்ணா இருக்கு. நீங்கதானே போட்டீங்க."

"நான் போட்டதுனாலதான் சொல்றேன். மூலையில கை சரியாப் போகல, சாஞ்சு நின்னு போட்டேன். கடைசி ரெண்டு எனக்கே சந்தேகம். நீ ஏறிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு."

"பசிக்குது சார்" என்றார் ஒப்பந்தக்காரர்.

"பசிச்சாப் போய்ச் சாப்பிடுங்க" என்றார் அண்ணன்.

ஏணியைச் சாய்த்தார். ஏறினேன். முதல் திருகாணி சரி. இரண்டாவதை அளக்க வெர்னியரை வைத்தேன். கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடியும் மங்கல். ஈரம் வெர்னியரில் இல்லை.

"என்னடா, எவ்வளவு வருது?"

"இருங்கண்ணா."

"சரியில்லன்னா சொல்லு. கழட்டிப் போட்டுடலாம். இன்னிக்கே முடியணும்னு ஒண்ணுமில்ல."

"இல்ல. இருங்க. பாக்கறேன்."

"பாரு."

இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே பார்க்கவில்லை.

வெகு நேரம் பார்த்தேன்.